இனி விட்டென்ன, விடாட்டியென்ன?



சென்ற மாசி மாதம் வருமானவரி பற்றிய நிகழ்ச்சி ஒன்றை முடித்துவிட்டுக் கலையகத்தைப் பூட்டிக்கொண்டு வெளிக்கிடும் நேரம் தொலைபேசி அடித்தது. வரிக்கணக்குப் பற்றிய கேள்வியாக இருக்கும் என்று எடுத்தேன். மறுமுனையில் ஒரு அம்மா.

"தம்பி, நீங்கள் றேடியோவிலை எல்லாம் விளங்கப்படுத்திறனீங்கள், அதாலைதான் கேக்கிறன். இவருக்கு நுரையீரலிலை கான்சர் எண்டு சொல்லிப்போட்டினம். ஆள் இன்னும் பல்கணியிலை ஒளிச்சு நிண்டு சிகரெட் பத்துறார். பிள்ளையள் சண்டை பிடிக்கினம். எனக்கெண்டால், வந்தது வந்திட்டுது, இனி விட்டென்ன, விடாட்டியென்ன எண்டு கிடக்கு. பாவம், அந்த மனிசன்ரை ஆசையை ஏன் கெடுப்பான்?"

நான் வைத்தியர் அல்ல, கணக்காளர். வணிகம் படித்தவன். "அம்மா, இதை அவருடைய வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கோ, அதற்கு இப்ப உதவி இருக்கு" என்று மட்டும் சொன்னேன். ஆனால் அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. ஏனென்றால் அந்த அம்மா சொன்ன அதே வசனத்தை 1997ஆம் ஆண்டு நானே என் வாயால் சொல்லியிருக்கிறேன்.

இந்த மாத உரை அந்த ஒரு வசனத்தின் வரலாறு. புற்றுநோய் வந்த பிறகும் புகைப்பதை நிறுத்துவதில் பலன் உண்டா? உண்டென்றால் அது எப்போது தெரிய வந்தது? தெரிந்த பிறகும் நோயாளிக்கு உதவி கிடைக்க ஏன் இத்தனை காலம் பிடித்தது?

அத்தானின் கதை

என் அக்காவின் கணவர் 1986ஆம் ஆண்டு ரொறொன்ரோவுக்கு வந்தவர். உணவகச் சமையலறைகளில் இரவு வேலை. "சிகரெட் பத்துறவனுக்குத்தான் அஞ்சு நிமிசம் வெளியிலை நிக்க விடுவாங்கள்" என்று பகிடியாகச் சொல்லுவார். 1994இல் நான் வந்திறங்கியபோது விமான நிலையத்தில் குளிர்ச்சட்டையோடு காத்துநின்றவர் அவர்தான். கணக்கியல் சோதனைகளுக்கு நான் கட்டிய முதல் காசு அவருடைய காசு.

1997இல் அவருடைய குரல் கரகரத்தது. தடிமன் என்று மூன்று மாதம் விட்டுவிட்டோம். பிறகு குரல்வளையில் புற்றுநோய் என்றார்கள். ஊரில் நாங்கள் 'கரண்ட் பிடிக்கிறது' என்று சொல்லும் கதிர்ச் சிகிச்சை, திங்கள் முதல் வெள்ளி வரை, ஏழு வாரம். அத்தானுக்கு ஆங்கிலம் மட்டுமட்டு. ஆகவே கூட்டிக்கொண்டு போவதும் நான், மொழிபெயர்ப்பதும் நான்.

முதல் நாள் தாதி ஒருவர் படிவத்தை வைத்துக்கொண்டு, "இவர் இப்போதும் புகைக்கிறாரா?" என்று என்னைக் கேட்டார். நான் அத்தானைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்தபடி, "விட்டிட்டன் எண்டு சொல்லு" என்றார். சிகரெட் பெட்டி என் காருக்குள் கிடந்தது எனக்குத் தெரியும். "விட்டுவிட்டார்" என்று சொன்னேன். தாதி அடையாளம் போட்டார். அதற்குப் பிறகு யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்கவேண்டிய தேவை இல்லாமல் செய்தவன் நான்.

ஒவ்வொரு நாளும் சிகிச்சை முடிந்து வந்து கார் தரிப்பிடத்தில் ஒன்று பத்துவார். "இது இல்லாமல் என்னாலை நாளைக்கும் அந்த மேசையிலை போய்ப் படுக்கேலாதடா" என்பார். பெட்டி முடிந்தால் வாங்கிக் கொடுத்ததும் நான்தான். அக்கா அழுது சண்டை பிடித்தபோது, "வந்தது வந்திட்டுது அக்கா, இனி விட்டென்ன, விடாட்டியென்ன" என்றேன். அதை இரக்கம் என்றுதான் நினைத்தேன். 1999 ஐப்பசியில் அத்தான் காலமானார்.

கண்டுபிடித்தவர்களும் புகைத்தார்கள்

இனி வரலாற்றுக்கு வருவோம். புகைத்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை உலகம் கவனிக்கவைத்த ஆய்வுகளில் முக்கியமான இரண்டு 1950ஆம் ஆண்டு வெளிவந்தன. ஒன்று அமெரிக்காவில். ஏர்ன்ஸ்ட் வைண்டர் என்ற மருத்துவ மாணவரும் எவாட்ஸ் கிரஹாம் என்ற புகழ்பெற்ற சத்திரசிகிச்சை நிபுணரும் 684 நோயாளிகளை வைத்துச் செய்தது. மற்றது லண்டனில். ரிச்சர்ட் டொல்லும் பிராட்போர்ட் ஹில்லும் வைத்தியசாலைகளில் இருந்த 709 நுரையீரல் புற்றுநோயாளிகளை, அந்த நோய் இல்லாத 709 பேருடன் ஒப்பிட்டார்கள்.

இதில் கிரஹாமின் கதை மனதை உறுத்துவது. 1933ஆம் ஆண்டு புற்றுநோய்க்காக ஒரு நுரையீரலை முழுமையாக அகற்றி நோயாளியைப் பிழைக்கவைத்து மருத்துவ உலகில் பெயர் பெற்றவர் அவர். அவரும் பல தசாப்தங்களாகப் புகைத்தவர். சிகரெட்டே காரணம் என்பதை முதலில் நம்பவும் இல்லை. தன்னுடைய ஆய்வே தன்னைத் திருத்திய பிறகு விட்டார். ஆயினும் 1957இல் அதே நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். டொல்லும் புகைத்தவர்தான். ஆய்வு நடந்துகொண்டிருக்கும்போதே, எண்கள் என்ன சொல்கின்றன என்று தெரிந்தவுடன் விட்டார். அவர் 92 வயது வரை வாழ்ந்தார். இரண்டு மனிதரை வைத்து விதி எழுத முடியாதுதான். ஆனால் அறிவும் படிப்பும் உள்ளவர்களுக்கே இது சுலபமான காரியமாக இருக்கவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

1962இல் பிரித்தானியாவின் றோயல் வைத்தியர் கல்லூரியும், 1964 தையில் அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரியும் அறிக்கை வெளியிட்டார்கள். அந்த இரண்டுக்கும் இடையில், 1963 ஆனி 17ஆம் திகதி, கனடாவின் சுகாதார அமைச்சர் ஜூடி லாமார்ஷ் நாடாளுமன்றத்தில் எழுந்து, நுரையீரல் புற்றுநோய்க்குச் சிகரெட்டும் ஒரு காரணம் என்று அறிவித்தார்.

இந்த அறிக்கைகள் எல்லாவற்றிலும் அடிப்படைக் கவலை ஒன்றுதான்: நோய் வராமல் தடுப்பது எப்படி? வந்துவிட்டவனைப் பற்றிப் பேச்சுக் குறைவு. அவனுக்குச் சத்திரசிகிச்சை, கதிர், மருந்து. அவன் கையிலிருக்கும் சிகரெட்டைப் பற்றி யாரும் அதிகம் யோசிக்கவில்லை.

ஒரு மணித்தியாலத் தூரத்தில் இருந்த பதில்

யோசித்த சிலரில் ஒருவர் அமெரிக்காவின் கென்ரக்கி மாநிலத்து லூயிவில் நகரைச் சேர்ந்த கொண்டிக்ட் மூர் என்ற சத்திரசிகிச்சை நிபுணர். வாய், தொண்டை, குரல்வளைப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுச் சுகமான புகைப்பவர்களை அவர் தொடர்ந்து கவனித்தார். 1971இல் வெளியிட்ட முடிவு இது: சுகமான பிறகும் புகைத்தவர்களில் 100க்கு 40 பேருக்கு இரண்டாவது புற்றுநோய் வந்தது. விட்டவர்களில் 100க்கு 6 பேருக்கு மட்டுமே. அதாவது, முதல் நோய் வந்ததோடு கணக்கு முடியவில்லை.

அடுத்தது, என்னைப் பொறுத்தவரை இந்த வரலாற்றின் மிக முக்கியமான பக்கம். அது நடந்தது தூர தேசத்தில் அல்ல, எங்கள் ஒன்ராறியோவில், ஹமில்ரன் நகரில். டொக்டர் ஜோர்ஜ் பிரௌமனும் சகாக்களும் தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை பெற்ற 115 பேரைக் கவனித்தார்கள். சிகிச்சை நடக்கும்போதும் புகைத்தவர்களில் கட்டி முற்றாக மறைந்தது 100க்கு 45 பேருக்கு. புகைக்காதவர்களில் 74 பேருக்கு. இரண்டு வருடத்தின் பின் உயிரோடு இருந்தவர்கள், புகைத்தோரில் 100க்கு 39 பேர். புகைக்காதோரில் 66 பேர்.

இந்த ஆய்வு வெளிவந்தது 1993 தை மாதம். அத்தானுக்குச் சிகிச்சை நடந்தது 1997இல். அதே மாகாணம், அதே வகைப் புற்றுநோய், அதே சிகிச்சை. பதில் நான்கு வருடமாக அச்சில் இருந்தது, எங்கள் வீட்டிலிருந்து காரில் சுமார் ஒரு மணித்தியாலத் தூரத்தில். பல வருடங்களின் பின் வானொலிக்கு ஒரு மருத்துவ நிகழ்ச்சி தயாரிக்கும்போதுதான் நான் அதை அறிந்தேன். அன்று அந்தத் தாளை மேசையில் வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டேன்.

சிகரெட் குடிக்காமல் விட்டிருந்தால் அத்தான் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. 66 என்பதும் 39 என்பதும் ஒரு கூட்டத்தின் எண்கள், ஒரு மனிதனின் விதி அல்ல. ஆனால் அந்த வாய்ப்பைக் கூட்டக்கூடிய ஒரு காரியம் எங்கள் கையில் இருந்தது. அது எங்களுக்குத் தெரியாமல் போய்விட்டது.

புகை சிகிச்சையைக் கெடுப்பது எப்படி?

கதிர்ச் சிகிச்சை நன்றாக வேலை செய்வதற்குக் கட்டியின் உள்ளே ஒட்சிசன் வேண்டும். சிகரெட் புகையில் உள்ள காபனோரொட்சைட்டு, இரத்தத்தில் ஒட்சிசன் இருக்கவேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. காலையில் ஒன்று பத்திவிட்டுச் சிகிச்சை மேசையில் படுப்பவர், அந்தக் கதிரின் வலுவைத் தானே குறைத்துக்கொள்கிறார். விட்டுவிட்டால் ஒன்றிரண்டு நாளிலேயே காபனோரொட்சைட்டு இரத்தத்திலிருந்து போய்விடும். ஆகவே சிகிச்சை தொடங்குவதற்கு முதல் நாள் விட்டாலும் பலன் உண்டு.

சத்திரசிகிச்சை செய்தவர் புகைத்தால் காயம் ஆறுவது பிந்தும். சளியும் நுரையீரல் அழற்சியும் வர வாய்ப்புக் கூடும். மருந்துகளிலும் பாதிப்பு உண்டு. புகையிலுள்ள சில பொருட்கள் ஈரலை வேகமாக வேலை செய்யவைப்பதால், நுரையீரல் புற்றுநோய்க்குக் கொடுக்கும் ஏர்லொட்டினிப், குடற் புற்றுநோய்க்குக் கொடுக்கும் ஐரினோரெகான் போன்ற மருந்துகள் உடலிலிருந்து விரைவாகக் கழிந்துவிடுகின்றன. ஏற்றிய மருந்தில் ஒரு பங்கு பலன் தராமலே போகிறது.

ஏன் யாரும் உதவவில்லை?

இங்கே இரண்டு தடைகள் இருந்தன. ஒன்று இரக்கம், மற்றது குற்றச்சாட்டு. பார்த்தால் எதிரெதிரானவை. ஆனால் இரண்டும் நோயாளியைத் தனியே விட்டன.

இரக்கம் உள்ளவர்கள், சாகப்போகிறவனின் கடைசி ஆசையை ஏன் பறிப்பான் என்றார்கள். வைத்தியர்களிடமும் இந்த எண்ணம் இருந்தது. குற்றம் சாட்டியவர்கள், தானே தேடிக்கொண்ட வருத்தம்தானே என்றார்கள். அந்தச் சொல்லுக்குப் பயந்து நோயாளி ஒளித்தான். ஒளித்தவனுக்கு யார் உதவ முடியும்?

எங்கள் சமூகத்தில் இந்த ஒளிப்பு இன்னும் ஆழமானது. யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறிய பொருள். யாழ்ப்பாணச் சுருட்டுத் தென்னிலங்கை முழுவதும் விற்றது. என் தகப்பனாரும் வலிகாமத்துச் செம்மண்ணில் புகையிலை நட்டவர்தான். அந்தக் காசில்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். தாத்தா சுருட்டுப் பத்தினார், பாட்டி வெற்றிலையோடு புகையிலை போட்டார். அதை யாரும் நோய் என்று நினைக்கவில்லை. பிறகு யுத்தம், இடப்பெயர்வு, அகதி வாழ்வு, இரவு வேலை. நித்திரையும் இல்லை, குடும்பமும் பக்கத்தில் இல்லை. சிகரெட் ஒன்றுதான் பக்கத்தில் நின்றது. இப்படிப் பிடித்த பழக்கத்தை "அறிவில்லையா உனக்கு?" என்று ஏசி விடுவிக்க முடியாது.

உதவியின் வரலாறு

புகைப்பதை விடமுடியாதது மனவுறுதிக் குறைவால் மட்டும் அல்ல, நிக்கொட்டின் என்ற பொருளுக்கு மூளை அடிமையாவதால் என்பதை மருத்துவ உலகுக்கு விளங்கப்படுத்தியவர்களில் முன்னோடி, லண்டனில் பணியாற்றிய மனநல மருத்துவர் மைக்கல் ரசல். மனிதர் நிக்கொட்டினுக்காகப் புகைக்கிறார்கள், ஆனால் அவர்களைக் கொல்வது புகையிலுள்ள தார் போன்ற மற்றப் பொருட்கள்தான் என்பது 1970களில் அவர் வற்புறுத்திய கருத்து. 1979இல் அவர் ஒரு எளிய விடயத்தையும் காட்டினார். குடும்ப வைத்தியர் ஓரிரு நிமிடம் அக்கறையாக ஆலோசனை சொல்லி, ஒரு துண்டுப்பிரசுரம் கொடுத்து, பிறகு விசாரிப்பேன் என்றும் சொன்னால், ஒரு வருடத்தின் பின் 100க்கு 5 பேர் விட்டிருந்தார்கள். எதுவும் சொல்லாத இடத்தில் 1000க்கு 3 பேர். ஐந்து என்பது சிறிய எண் என்று தோன்றும். ஆனால் ஒரு வைத்தியர் வருடத்தில் எத்தனை பேரைப் பார்க்கிறார் என்று பெருக்கிப் பாருங்கள்.

நிக்கொட்டினைப் புகையில்லாமல் கொடுக்கலாமே என்ற யோசனை சுவீடனில் பிறந்தது. 1967இல் லுண்ட் நகர ஆராய்ச்சியாளர் கிளாஸ் லுண்ட்கிறென், மருந்து நிறுவனம் ஒன்றில் இருந்த தன் நண்பர் ஓவ் பேர்னோவுக்கு ஒரு கடிதம் எழுதினார். நீர்மூழ்கிக் கப்பலுக்குள் புகைக்கமுடியாத மாலுமிகள் வாயில் புகையிலையை வைத்துச் சமாளிக்கிறார்கள் என்பதைக் கவனித்து எழுதிய கடிதம். எங்கள் பாட்டிமாருக்கு இது புதினமாக இருந்திராது. அந்தக் கடிதத்திலிருந்து நிக்கொட்டின் சுவிங்கம் உருவானது. 1978இல் சுவிற்சர்லாந்திலும் 1984இல் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது. 1990களின் தொடக்கத்தில் தோலில் ஒட்டும் நிக்கொட்டின் பட்டை வந்தது. 1997இல் புப்ரோப்பியோன் என்ற மாத்திரை. அத்தானுக்குச் சிகிச்சை நடந்த வருடம் சுவிங்கமும் பட்டையும் மருந்துக்கடையில் இருந்தன. கேட்கத் தெரியவில்லை.

இதற்கெல்லாம் முன்னரே, 1964இல், பல்கேரியாவில் சைற்றிசின் என்ற மாத்திரை விற்பனைக்கு வந்திருந்தது. பொன்மழை போல் மஞ்சள் பூப் பூக்கும் லபேர்னம் மரத்தின் விதையில் உள்ள பொருள் அது. பனிப்போர்க் காலத்தில் மேற்கு நாடுகள் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. அதே பொருளின் அமைப்பைப் பின்பற்றி மேற்கில் செய்த வரெனிக்கிலின் என்ற மாத்திரை 2006இல் வந்தது. பிரித்தானியாவில் சைற்றிசின் கடைக்கு வந்தது 2024இல். ஒரு நல்ல மருந்து ஐரோப்பாவின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போய்ச்சேர 60 வருடம்.

எண்கள் சேர்ந்தன

2004இல் ரிச்சர்ட் டொல் மீண்டும் வருகிறார். 1951இல் தொடங்கிப் பிரித்தானிய வைத்தியர்களையே 50 வருடம் பின்தொடர்ந்த ஆய்வின் முடிவை அவர் தனது 91ஆவது வயதில் வெளியிட்டார். 30 வயதில் விட்டவருக்குச் சுமார் 10 வருடம் ஆயுள் மிச்சம். 40 வயதில் விட்டால் 9, 50 வயதில் 6, 60 வயதில் விட்டாலும் 3 வருடம். "வயது போட்டுது, இனி என்ன" என்பதற்கு அதுவே பதில்.

"வருத்தம் வந்திட்டுது, இனி என்ன" என்பதற்கான பதில் 2010இல் வலுப்பெற்றது. பேர்மிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முந்திய ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். ஆரம்ப நிலை நுரையீரல் புற்றுநோய் உள்ள 65 வயதுக்காரர்களை எடுத்துக்கொண்டால், அதிகம் காணப்படும் வகையில், தொடர்ந்து புகைப்போரில் 100க்கு 33 பேரும், நோய் தெரிந்தபின் விட்டோரில் 100க்கு 70 பேரும் ஐந்து வருடம் வாழ்வார்கள் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள்.

கணக்காளன் என்ற முறையில் எனக்கும் சந்தேகம் வந்தது. விட்டவர்கள் முன்பே உடல் தெம்பு கூடியவர்களாக இருந்திருக்கலாமே? நியாயமான கேள்வி. அதற்காகவே 2021இல் வெளிவந்த மொஸ்கோ ஆய்வு முக்கியமானது. ஆரம்ப நிலை நுரையீரல் புற்றுநோயுள்ள 517 புகைப்பவர்களை, நோய் தெரிந்த நாளிலிருந்து சராசரி ஏழு வருடம் பின்தொடர்ந்தார்கள். நோயின் நிலை, வயது, புகைத்த அளவு போன்ற வேறுபாடுகளைக் கழித்துப் பார்த்த பின்னரும், விட்டவர்கள் சுமார் 22 மாதம் கூடுதலாக வாழ்ந்தார்கள். 22 மாதம் என்பது ஒரு பேரப்பிள்ளை பிறந்து நடக்கப் பழகும் காலம்.

1964 அறிக்கையின் 50ஆவது ஆண்டில், 2014 தையில், அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை முதன்முறையாகத் திட்டவட்டமாகச் சொன்னது: புற்றுநோயாளி தொடர்ந்து புகைப்பது மரண வாய்ப்பையும் இரண்டாவது புற்றுநோய் வாய்ப்பையும் கூட்டுகிறது, விடுவது நிலைமையைச் சீராக்குகிறது. மூரின் ஆய்விலிருந்து 43 வருடம்.

நடைமுறையும் மாறியது. ஒன்ராறியோவில் 2012 முதல், அப்போதிருந்த 'கான்சர் கெயார் ஒன்ராறியோ' என்ற அரச நிறுவனம், மாகாணத்தின் 14 பிராந்தியப் புற்றுநோய் நிலையங்களிலும் புதிய நோயாளிகளிடம் புகைத்தல் பற்றிக் கேட்டு உதவிக்கு அனுப்பும் முறையைக் கொண்டுவந்தது. 2017இல் அதை இன்னும் திருத்தினார்கள். "உதவி வேண்டுமா?" என்று கேட்டால் வெட்கத்தில் வேண்டாம் என்பார்கள். ஆகவே வேண்டாம் என்று சொல்லாதவரை உதவிக்கு அனுப்புவதே வழமை என்று ஆக்கினார்கள். அதே 2017இல் அமெரிக்கத் தேசிய புற்றுநோய் நிறுவகமும் தன் ஆதரவு பெறும் நிலையங்களில் இந்தச் சேவையைத் தொடங்க நிதி ஒதுக்கியது.

நாங்கள் என்ன செய்யலாம்?

முதலாவது, உண்மையைச் சொல்லுங்கள். மொழிபெயர்க்கப் போகும் பிள்ளைகளுக்கும் மருமக்களுக்கும் இதை விசேடமாகச் சொல்கிறேன். அப்பாவின் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து "விட்டுவிட்டார்" என்று சொல்லாதீர்கள். சொல்லச் சங்கடமாக இருந்தால் வைத்தியசாலையின் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்.

இரண்டாவது, மருந்தில்லாமல் வெறும் பிடிவாதத்தால் விடவேண்டும் என்று கட்டாயமில்லை. பட்டையோடு சுவிங்கம் அல்லது உறிஞ்சும் வில்லையைச் சேர்த்துப் பாவிப்பது, ஒன்றை மட்டும் பாவிப்பதைவிடக் கூடிய பலன் தரும். வாய், தொண்டையில் கதிர்ப்புண் உள்ளவருக்குச் சுவிங்கம் எரியும், பட்டை சுகம். ஆனால் எதையும் தானாக வாங்கிப் போடாமல் புற்றுநோய் வைத்தியரிடம் சொல்லிச் செய்யவேண்டும். உதாரணமாக, மார்புப் புற்றுநோய்க்கு ரமொக்சிபென் எடுக்கும் பெண்ணுக்குப் புப்ரோப்பியோன் கொடுத்தால் அது ரமொக்சிபெனின் வேலையைக் குறைக்கக்கூடும். மூளைக்குப் பரவிய நோய் உள்ளவருக்கு அதே மாத்திரையால் வலிப்பு வரும் அபாயம் உண்டு.

மூன்றாவது, வழுக்கி விழுந்தால் ஏசாதீர்கள். பலர் பல தடவை முயன்றுதான் விடுகிறார்கள். திரும்பவும் ஒன்று பத்திவிட்டால் அது தோல்வி அல்ல, மருந்தின் அளவு போதவில்லை என்பதற்கான அறிகுறியாகவும் இருக்கலாம். வீட்டில் வேறு யாரும் புகைப்பவர் இருந்தால் அவரும் சேர்ந்து விடுவது நோயாளிக்குச் செய்யும் பெரிய உபகாரம். கனடாவில் சிகரெட் பெட்டியிலேயே விடுவதற்கு உதவும் இலவசத் தொலைபேசி இலக்கம் அச்சிடப்பட்டிருக்கிறது.

நோய் முற்றி, நாட்கள் எண்ணப்படும் நிலையில் உள்ளவரை வற்புறுத்தி வதைக்க நான் சொல்லவில்லை. அங்கே முடிவு அவருடையது. ஆனால் அந்த நிலையில் உள்ளவருக்கும் மூச்சிரைப்புக் குறைய விடுவது உதவலாம். கேட்கும் உரிமையாவது அவருக்கு இருக்கட்டும்.

சித்திரை வருடப்பிறப்புக்குப் பிறகு அந்த அம்மா மீண்டும் அழைத்தார். வைத்தியரிடம் சொல்லிவிட்டார்களாம். பட்டை ஒட்டுகிறாராம்.

"இன்னும் முழுக்க விடேல்லைத் தம்பி. நாளுக்கு மூண்டிலை வந்து நிக்கிறார். ஆனா இப்ப ஒளிக்கிறேல்லை. பிள்ளையளும் சண்டை பிடிக்கிறேல்லை. சின்னவன் கொப்பியிலை ஒவ்வொரு நாளும் எத்தினை எண்டு எழுதி வைக்கிறான்."

நல்லது அம்மா, தொடர்ந்து எழுதச் சொல்லுங்கோ என்றேன். 1997இல் ஒரு படிவத்தில் நான் பொய் எழுதுவித்தேன். அந்தப் பிள்ளை ஒரு கொப்பியில் உண்மையை எழுதுகிறான். மூன்று என்பது பூச்சியம் ஆகும் நாளில் எனக்கும் ஒருக்கால் அழைத்துச் சொல்லும்படி கேட்டிருக்கிறேன்.

அடுத்த மாத உரையில் மீண்டும் சந்திப்போம்.